எல்லாமே ‘கட்டாயம்’ என்றால் எதை முதலில் செய்வது? ஜனவரி–மார்ச் பிளான் போட உதவி தேவை

கணக்குப்பிள்ளை_கோவை:

வணக்கம். கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன், கடைகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் செய்கிறோம். மளிகை, ஜவுளி, ஹார்டுவேர், கொஞ்சம் மொத்த வியாபாரிகள் என்று எல்லாம் சேர்த்து 1,400 கடைகள் வரும். டெவலப்பர்கள் 6 பேர், டெஸ்டிங்குக்கு ஒருவர், சப்போர்ட்டில் நால்வர். நான் நாலு வருடம் சப்போர்ட்டில் போன் எடுத்துக்கொண்டிருந்தவன். ஆறு மாதத்துக்கு முன்னால் கூப்பிட்டு ‘இனிமேல் நீதான் ப்ராடக்ட் மேனேஜர்’ என்றார்கள். விசிட்டிங் கார்டு வந்துவிட்டது, என்ன வேலை என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் எக்செல் ஷீட்டில் 143 வரி இருக்கிறது. கஸ்டமர் கேட்டது, சேல்ஸ் ஒப்புக்கொண்டு வந்தது, எம்.டி. சொன்னது, ‘இதைச் சரி பண்ணாவிட்டால் என்றைக்காவது மாட்டுவோம்’ என்று டெவலப்பர்கள் புலம்பியது எல்லாம் அதில்தான் கிடக்கிறது. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல், பக்கத்தில் ஒரு பத்தி (column) போட்டு, எது எவ்வளவு முக்கியம் என்று அவரவரையே நிரப்பச் சொன்னேன். 118 வரிக்கு ‘கட்டாயம்’, 21 வரிக்கு ‘இருந்தால் நல்லது’, 4 காலி. அந்த நாலும் நான் எழுதியவை, நானே நிரப்ப மறந்துவிட்டேன்.

போன மூன்று மாதத்தில் 22 வேலை பிளான் போட்டு 7 முடித்தோம். அந்த 7-லும் 3 பிளானிலேயே இல்லாதவை. எம்.டி. காலையில் ஏதாவது ஒரு கடையில் டீ குடித்துவிட்டு வருவார், வரும்போதே ஒரு புது ஐடியா வரும். சேல்ஸில் ஒருவர் திருப்பூரில் ஒரு பெரிய கஸ்டமருக்கு நகைக்கடை பில்லிங் மார்ச்சுக்குள் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார், எங்களிடம் நகைக்கடைக்கு ஒரு ஸ்கிரீன்கூடக் கிடையாது. டெவலப்பர்களோ ‘நீங்க ஒண்ணு சொல்லுங்க, அதைச் செய்யறோம், வாரத்துக்கு ஒருதரம் மாத்தாதீங்க’ என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

திங்கட்கிழமை பிளான் காட்ட வேண்டும். எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்ய ஒருவர் மாஸ்கோ முறை என்கிறார், இன்னொருவர் ரைஸ் ஸ்கோர் போடு என்கிறார். எது சரி? முதலாளியிடம் ‘இது இப்போ முடியாது’ என்று எப்படிச் சொல்வது, வேலை போகாமல்?

வெள்ளிக்கிழமை_ரிலீஸ்:

கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில்: ரெஸ்யூமை அப்டேட் செய்துவிட்டுச் சொல்லுங்கள். மற்றதைப் பெரியவர்கள் சொல்வார்கள் :)

பழையபஞ்சாங்கம்:

தம்பி, முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் போட்டீர்களா? ஆறு பேர், 12 வாரம், ஆக 72 ஆள்-வாரம். பொங்கல் லீவு, குலதெய்வம் கோயில், காய்ச்சல், ஊரில் கல்யாணம் என்று 6 வாரம் கழியுங்கள். டெவலப்பர்கள் சப்போர்ட் டிக்கெட்டுக்குச் செலவழிப்பது எவ்வளவு என்று தெரியாது, உங்கள் மாதிரி கம்பெனிகளில் ஆறு பேரில் இரண்டு பேர் முழுநேரமும் அதில்தான் கிடப்பார்கள், அது 24 வாரம். மிச்சம் 42. அந்த 143 வரிக்கும் உத்தேசமாக எத்தனை வாரம் ஆகும் என்று கூட்டிப் பாருங்கள், 42-க்குப் பக்கத்தில்கூட வராது. முதலில் இந்த எண்ணை எல்லோருக்கும் முன்னால் வையுங்கள். பெரும்பாலான சண்டைக்குக் காரணம், பானை எவ்வளவு கொள்ளும் என்று தெரியாமல் ஆளாளுக்கு அரிசி போடுவதுதான்.

இப்போது மாஸ்கோ. ரஷ்யாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, மஸ்ட் (கட்டாயம்), ஷுட் (செய்ய வேண்டும்), குட் (முடிந்தால் செய்யலாம்), வோன்ட் (இந்தத் தடவை இல்லை) என்ற நாலு சொல்லின் முதல் எழுத்துகள், நடுவில் வாயில் வர ஓ சேர்த்துக்கொண்டார்கள். 1994-ல் ஆரக்கிளில் இருந்த டாய் கிளெக் என்பவர் கொண்டுவந்தது, பிறகு சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் நடத்தும் டி.எஸ்.டி.எம். என்ற முறையில் சேர்ந்துகொண்டது. சொல்லிக்கொடுக்கிறவர்கள் நாலு பெட்டியைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்த முறையிலேயே சொல்லியிருக்கும் முக்கியமான விஷயத்தை விட்டுவிடுகிறார்கள்: கட்டாயம் என்ற பெட்டிக்குள் மொத்த உழைப்பில் 60 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. உங்கள் கணக்குக்கு 25 வாரம். மிச்சம் இருப்பது அலங்காரத்துக்கு இல்லை, எஸ்டிமேட் தப்பும்போது கைகொடுக்க. ஷுட், குட் இரண்டிலும் இருப்பதைத் தள்ளிவிட்டு மஸ்டைக் காப்பாற்றுவதுதான் அதன் சூட்சுமம். எல்லாம் மஸ்ட் என்றால் எதைத் தள்ளுவீர்கள்?

ஒரு வரி கட்டாயமா இல்லையா என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்வி. ‘இது ஒன்று மட்டும் முடியவில்லை என்றால், மற்ற எல்லாம் தயாராக இருந்தாலும் ரிலீஸை நிறுத்திவிடலாமா?’ ஆமாம் என்று சொல்ல வாய் வராது பாருங்கள். என் அனுபவத்தில் நூறில் பத்து பதினைந்துக்குத்தான் ஆமாம் வந்திருக்கிறது.

இன்னொன்று, நாலாவது பெட்டி. ‘இந்தத் தடவை இல்லை’ என்று எழுதி வைப்பது. எல்லோரும் அதைத்தான் காலியாக விடுவார்கள், மனசு கஷ்டப்படும் என்று. நான் முதலில் அதைத்தான் நிரப்புவேன்.

நள்ளிரவு_பக்:

நானும் பில்லிங் சாஃப்ட்வேர்தான், வேற கம்பெனி, டெவலப்பர். பஞ்சாங்கம் சார் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் அவர் முறையிலும் அடிபடுகிற ஒரு வகை வேலை இருக்கிறது, யாரும் கேட்காத வேலை.

எங்கள் லிஸ்டில் ‘வரி விகிதத்துக்குத் தேதி வைப்பது’ என்று ஒரு வரி இரண்டு வருடம் கிடந்தது. அதாவது ஒரு பொருளுக்கு 12 சதவீதம் என்றால் அந்த 12-ஐ அப்படியே பொருளோடு ஒட்டி வைத்திருந்தோம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை 12 என்று சேமிக்கவே இல்லை. ஒவ்வொரு பிளானிங்கிலும் நான் சொல்வேன், ‘எந்தக் கஸ்டமர் கேட்டார்?’ என்பார்கள், யாரும் கேட்கவில்லை, கீழே போய்விடும். 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி ராத்திரி ஜி.எஸ்.டி. கவுன்சில் அறிவிக்கிறது, 12-உம் 28-உம் போகிறது, பெரும்பாலானவை 5-க்கும் 18-க்கும் வருகின்றன, சிலதுக்கு 40, செப்டம்பர் 22 முதல் அமல். கையில் 19 நாள்.

விகிதத்தை மாற்றுவது பெரிய வேலை இல்லை, அதை ஒரு மணி நேரத்தில் செய்யலாம். ஆனால் 20-ஆம் தேதி 12 சதவீதத்தில் விற்ற சரக்கு 25-ஆம் தேதி திரும்பி வந்தால் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில் போட வேண்டும், சாஃப்ட்வேருக்குப் பழைய விகிதம் என்று ஒன்று இருந்ததே தெரியாது. எம்.ஆர்.பி.க்குள் வரி சேர்ந்திருக்கும் கடைகளில் விலையை மாற்றுவதா, வரிக்கு முந்தைய விலையை மாற்றுவதா என்று கடைக்குக் கடை ஒரு பதில். 21-ஆம் தேதி ராத்திரி ஆபீஸிலேயே தூங்கினோம். அந்த மாத பிளானில் இருந்த அத்தனையும் போயிற்று. முன்னாலேயே செய்திருந்தால் மூன்று வாரத்தில் ஒருவர் நிதானமாக முடித்திருப்பார்.

அதனால் நான் சொல்வது, கழித்து வந்த 42-ல் முதலில் ஒரு 6, 7 வாரத்தை இந்த வகைக்கென்று ஒதுக்கிவிடுங்கள், அதற்குள் எதைச் செய்வது என்று டெவலப்பர்கள் முடிவு செய்யட்டும். நகைக்கடை ஸ்கிரீனோடு போட்டி போட்டு அது ஜெயிக்கவே ஜெயிக்காது.

அப்புறம், 22 பிளான் போட்டு 7 முடித்தோம் என்கிறீர்களே, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருந்தீர்களா? 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு சூத்திரம் இருக்கிறது, வரிசையில் காத்திருப்பதைக் கணக்குப் போடும் கோட்பாட்டில் வருவது, ரொம்ப எளிமை. கையில் இருக்கும் வேலையின் எண்ணிக்கையை, வாரத்துக்கு முடியும் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எத்தனை வாரம் இழுக்கும் என்று வரும். டீம் வாரத்துக்கு 3 முடிக்கிறது, 18 திறந்து கிடக்கிறது என்றால் ஒவ்வொன்றும் 6 வாரம். அதே டீம், அதே வேகம், 9 மட்டும் திறந்தால் 3 வாரம். யாரும் கூடுதலாக உழைக்க வேண்டியதில்லை. ஆனால் ‘என் வேலை தொடங்கியாச்சா?’ என்று கேட்கிறவரிடம் ‘தொடங்கியாச்சு’ என்று சொல்லும் சுகத்துக்காக எல்லாவற்றையும் திறந்து வைக்கிறோம்.

ரைஸ்மில்_ஓனர்:

பெயரைப் பார்த்து நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும். ரைஸ் என்பது இன்டர்காம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியின் ப்ராடக்ட் டீமிலிருந்து வந்த கணக்கு; ரீச், இம்பாக்ட், கான்ஃபிடன்ஸ், எஃபர்ட் என்ற நாலு சொல்லின் முதல் எழுத்துகள். எத்தனை கடைக்குப் போய்ச் சேரும், ஒரு கடைக்கு எவ்வளவு பயன், நமக்கு எவ்வளவு நிச்சயம், இந்த மூன்றையும் பெருக்கி, எத்தனை ஆள்-மாதம் பிடிக்கும் என்பதால் வகுக்க வேண்டும். பயனுக்கு 3, 2, 1, 0.5, 0.25 என்று படிகள், நிச்சயத்துக்கு 100, 80, 50 சதவீதம்.

உங்கள் கடைகளை வைத்தே உத்தேசமாகப் போட்டுப் பார்ப்போம். வாட்ஸ்அப்பில் பில் அனுப்புவது: 900 கடை, பயன் 1, நிச்சயம் 80 சதவீதம், ஒன்றரை ஆள்-மாதம். ஸ்கோர் 480. நகைக்கடை: 12 கடை, பயன் 3, நிச்சயம் 50 சதவீதம், 4 ஆள்-மாதம். ஸ்கோர் 4.5. முடிந்தது, கேஸ் தள்ளுபடி என்று நினைப்பீர்கள். சேல்ஸ்காரர் வந்து ‘திருப்பூர், கோவை, ஈரோடு நகைக்கடை எல்லாம் வரும், 400 போடு, நான் 100 சதவீதம் கியாரண்டி’ என்பார். ஸ்கோர் 300. சாஃப்ட்வேரில் ஒரு வரிகூட மாறவில்லை, 4.5 எப்படி 300 ஆச்சு? அதனால் ரைஸில் வருகிற விடையைவிட, உள்ளே போட்ட எண்ணை யார் போட்டார், எதை வைத்துப் போட்டார் என்பதுதான் விஷயம். நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: பெயர் சொல்ல முடிகிற கடைகளைத்தான் எண்ண வேண்டும். ‘எல்லாரும் கேக்கறாங்க’ என்பதற்கு மதிப்பு பூஜ்யம்.

ஆனால் நானே இதன் ஓட்டையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பக் வந்து சொல்லுவார். ரைஸுக்குத் தேதி தெரியாது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் இருக்கிறவர்களுக்கு, வியாபாரிக்கு வியாபாரி போடும் பில்லில் இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசாங்க போர்ட்டலில் பதிவு செய்து எண் வாங்குவது, கட்டாயம் ஆனது. அந்த வேலை உங்களிடம் அப்போது இருந்திருந்தால், 40 கடை, பயன் 3, நிச்சயம் 100, 2 ஆள்-மாதம் என்று ஸ்கோர் 60 வந்திருக்கும். வாட்ஸ்அப் 480. ஸ்கோரை நம்பி வாட்ஸ்அப்பைச் செய்திருந்தால், ஆகஸ்ட் 1 காலையில் அந்த 40 பேரும் செல்லுபடியாகும் பில்லே போட முடியாமல் நின்றிருப்பார்கள், அதுவும் உங்களிடம் அதிகப் பணம் கட்டுகிற 40 பேர். அரசாங்கம் தேதி குறித்த வேலைகளை ஸ்கோர் ஷீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் காலண்டரில் வையுங்கள்.

தேதி இல்லாதவற்றுக்கும், ஒரு வாரம் தள்ளினால் எவ்வளவு நஷ்டம் என்று கேட்டுப் பழகுங்கள், ப்ராடக்ட் டெவலப்மென்ட் பற்றி எழுதும் டொனால்ட் ரைனர்ட்சன் இதைத்தான் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ‘அ’ என்ற வேலை வாரத்துக்கு 1 லட்சம் நஷ்டம், முடிக்க 5 வாரம். ‘ஆ’ வாரத்துக்கு 60 ஆயிரம் நஷ்டம், முடிக்க 1 வாரம். யாரைக் கேட்டாலும் பெரிய நஷ்டத்தை முதலில் அடை என்பார்கள். ‘அ’-வை முதலில் செய்தால் அதற்கு 5 லட்சம், ‘ஆ’ ஆறாவது வாரம் முடிவதால் 3.6 லட்சம், ஆக 8.6. ‘ஆ’-வை முதலில் செய்தால் 0.6-உம் 6-உம் சேர்ந்து 6.6. வரிசையை மாற்றியதற்கே 2 லட்சம்.

டார்கெட்_தங்கராசு:

எல்லோரும் சேர்ந்து சேல்ஸை வெளுக்கிறீர்கள், நான் சேல்ஸ்காரன், என் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள். ஏன் வாக்குக் கொடுக்கிறோம் தெரியுமா? கஸ்டமர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது ‘எங்க டீம்ல கேட்டுச் சொல்றேன்’ என்று பத்து முறை சொல்லியிருக்கிறோம், பத்து முறையும் டீமிலிருந்து பதிலே வரவில்லை. ‘முடியாது’ என்ற பதில்கூட எங்களுக்குப் போதும், அதை வைத்து நாங்கள் வேறு எதையாவது பேசிக்கொள்வோம். ‘லிஸ்ட்ல இருக்கு’ என்ற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ரினியூவலுக்குப் போகும்போது அந்த ஆள் போன வருடம் கேட்டதையே திரும்பக் கேட்பார், நாங்கள் விட்டத்தைப் பார்ப்போம்.

எனக்கு வேண்டியது மூன்றே பத்தி உள்ள ஒரு ஷீட்: இப்போது செய்வது, அடுத்துச் செய்வது, செய்யப்போவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். ‘இப்போது’ பத்தியில் இருப்பதை மட்டும் கஸ்டமரிடம் சொல்லுவோம், மீறினால் என் இன்சென்டிவில் பிடித்துக்கொள்ளுங்கள். (சரி, அதைப் பிடிக்க வேண்டாம்.)

நகைக்கடை விஷயத்தில் உங்கள் ஆள் தப்புதான். அதை ஒரு ஸ்கிரீன் என்று நினைத்திருப்பார். சேதாரம், செய்கூலி, அன்றைய பவுன் விலை, கல் எடை கழிப்பது, பழைய நகையை எடுத்துக்கொண்டு மிச்சத்துக்குப் பில், 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைக்கு ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனித்தனி அடையாளக் குறியீடு), நகைச்சீட்டு வேறு. அது தனி ப்ராடக்ட். ஆனால் ஒன்று: அந்தக் கஸ்டமரிடம் நேரில் போய் என்ன வேண்டும் என்று யாராவது கேட்டீர்களா? நாங்கள் கொண்டுவருவது பெரும்பாலும் கஸ்டமர் யோசித்த தீர்வு, அவருடைய பிரச்சினை இல்லை. இதைச் சேல்ஸ்காரனே ஒப்புக்கொள்வதால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை_கோவை:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. பக் சார், செப்டம்பரில் எங்களுக்கும் அதே கூத்து, நான் அப்போது புதுசு, 22-ஆம் தேதி காலையில் மட்டும் 200-க்கு மேல் போன். பஞ்சாங்கம் சார், சப்போர்ட்டுக்கு 24 வாரம் என்றீர்களே, பழைய டிக்கெட்டுகளை எடுத்துக் கூட்டினேன், 29 வருகிறது! ஆக மிச்சம் 37 தான். இதைத் திங்கட்கிழமை எம்.டி. முன்னால் எப்படி வைப்பது? எண்ணைச் சொன்னால் ‘பசங்களைக் கொஞ்சம் வேகமாச் செய்யச் சொல்லு’ என்பார்.

பழையபஞ்சாங்கம்:

எண்ணாகச் சொல்லாதீர்கள், அவரைக் கையால் தொட வையுங்கள். சுவரில் 37 கட்டம் வரையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அத்தனை கட்ட நீளத்துக்குக் காகிதம் வெட்டுங்கள், நீளத்தை டெவலப்பர்கள் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதீர்கள். பக் சொன்ன ஒதுக்கீட்டையும் தேதி குறித்த வேலைகளையும் முதலில் ஒட்டிவிடுங்கள். மிச்ச இடத்தில் அவரையே ஒட்டச் சொல்லுங்கள். ‘முடியாது’ என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், ‘வைக்கலாம் சார், எதை எடுக்கட்டும்?’ என்று மட்டும் கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு இருபது வருடம் சோறு.

ஆளை இன்னும் இரண்டு பேர் சேர்த்தால் ஆகாதா என்பார். மார்ச்சுக்குள் ஆகாது. புதிதாக வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் ஒருவர் போவார், முதல் இரண்டு மாதம் கட்டம் குறையத்தான் செய்யும். ஐ.பி.எம்.மில் பெரிய சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் இதை 1975-லேயே எழுதிவிட்டார், ஒவ்வொரு முதலாளியும் தானே சோதித்துப் பார்க்க ஆசைப்படுகிறார்.

வெள்ளிக்கிழமை_ரிலீஸ்:

காகிதம் ஒட்டியதும் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் ‘இதை நான் ஒட்டவே இல்லையே’ வரும். அனுபவம்.

கணக்குப்பிள்ளை_கோவை:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், என்ன ஆச்சு என்று கேட்டு இரண்டு பேர் மெசேஜ் போட்டிருந்தார்கள்.

சுவர் வேலை செய்தது, நூற்றுக்கு நூறு இல்லை. எம்.டி. முதலில் சிரித்தார், பிறகு ஒரு மணி நேரம் அங்கேயே நின்றார். தானே சொன்ன ‘கஸ்டமர் பிறந்தநாள் வாழ்த்து’ காகிதத்தைத் தானே கிழித்துப் போட்டார், நாலு வாரம் ஆகும் என்று அவருக்குத் தெரியவே தெரியாதாம். 118 கட்டாயத்தில் 13 மிஞ்சியது, 22 வாரம். பக் சார் சொன்ன ஒதுக்கீடு 7 கேட்டேன், 4 கிடைத்தது. இரண்டாவது வாரமே ஒரு காகிதம் நடுவில் நுழைந்துவிட்டது, ஆனால் இந்தத் தடவை ஒன்றை எடுத்துவிட்டுத்தான் நுழைந்தது.

திருப்பூருக்கு நேரில் போனேன். அந்தக் கஸ்டமருக்கு ஜவுளிக்கடையும் நகைக்கடையும் உண்டு. ஜவுளிக்கு நாங்கள், நகைக்கு வேறு ஒரு சாஃப்ட்வேர், அதில் அவருக்குக் குறையே இல்லை. மாதக் கடைசியில் இரண்டு கடைக் கணக்கையும் ஆடிட்டர் ஒன்றாகக் கேட்கிறார், பையன் ராத்திரி உட்கார்ந்து எக்செலில் ஒட்டிக்கொண்டிருக்கிறான், அதுதான் தொல்லை. ‘நகைக்கும் நீங்களே போட்டுக் கொடுத்துட்டா ஒண்ணா வந்துடும்ல’ என்று அவர் சொன்னதைத்தான் எங்கள் ஆள் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். அந்த சாஃப்ட்வேரிலிருந்து வரும் எக்செலை உள்ளே எடுத்து ஒரே ரிப்போர்ட்டாகக் கொடுத்தால் போதும், ஒன்றரை வாரம். 16 வாரக் காகிதத்தைச் சுவரிலிருந்து எடுத்தபோது டெவலப்பர்கள் கை தட்டினார்கள்.

சாயங்காலம் எம்.டி.யிடம் சொன்னேன், ரொம்ப சந்தோஷம். மறுநாள் காலையில் டீ குடிக்கப் போன இடத்தில் இன்னும் மூன்று கடைக்காரர்களிடம் ‘எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் எங்க ரிப்போர்ட்ல ஒண்ணாக் கொண்டுவந்துடுவோம்’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். 144-ஆவது வரி.